வண்டி கைமாறியது, பெயர் மாறவில்லை

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். தனியார் பள்ளி ஆசிரியை. கடிதத்தின் சுருக்கம் இது.

2020 டிசம்பர் 12 அன்று ஷோரூமில் புதிதாக எடுத்த ஸ்கூட்டரை, 2025 மார்ச்சில் ஆன்லைன் வரி விளம்பரத் தளம் ஒன்றில் படம் போட்டு விற்றிருக்கிறார். ‘சிங்கிள் ஓனர், லேடீஸ் ஓட்டிய வண்டி’ என்று விளம்பரம் போட்ட அன்று மாலைக்குள் பதினேழு பேர் கூப்பிட்டார்கள். அதில் தன்மையாகப் பேசிய ஓர் இளைஞர் மறுநாளே வந்து, தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, 42,000 ரூபாய்க்குப் பேசி முடித்தார். 39,000 யுபிஐ மூலம் வந்துவிட்டது. மீதி 3,000 ரூபாயை “பேரு மாத்தினதும் தரேன்கா” என்று வாட்ஸ்அப்பில் எழுதினார். வாசகி அவரிடம் ஒரிஜினல் ஆர்.சி., இரண்டு சாவி, தன் ஆதார் நகல், கையெழுத்து மட்டும் போட்டு மற்றபடி நிரப்பாத பெயர் மாற்றப் படிவங்களான ஃபார்ம் 29, ஃபார்ம் 30 எல்லாவற்றையும் கொடுத்தனுப்பினார். பதிலுக்கு அவரிடமிருந்து ஒரு துண்டுக் காகிதம்கூட வாங்கவில்லை.

பெயர் மாறவே இல்லை. ஜூன் மாதத்திலிருந்து, ஹெல்மெட் போடாததற்கும் சிக்னல் தாண்டியதற்குமாக நான்கு இ-செலான்கள் வாசகியின் போனுக்கு வந்தன. கேட்டபோது, “நான் வேற ஆளுக்குக் கொடுத்துட்டேன்கா, அவர்கிட்ட சொல்றேன்” என்றாராம் அந்த இளைஞர். அவர் ஒரு புரோக்கர் என்பது அப்போதுதான் புரிந்தது. நவம்பர் 9 அன்று வேறொரு மாவட்டத்துக் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு. முந்தைய இரவு அந்த ஸ்கூட்டர், சைக்கிளில் போன ஒரு பெரியவர் மீது மோதியிருக்கிறது. அவருக்கு இடுப்பெலும்பு முறிவு. ஓட்டியது 19 வயதுப் பையன். “வண்டி உங்க பேர்லதான் இருக்கு, நேர்ல வாங்க” என்று சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் பையனின் வீட்டாரும் தினமும் கூப்பிடுகிறார்கள்: “நீங்க வந்து கையெழுத்துப் போட்டாத்தான் வண்டியை ஸ்டேஷன்ல இருந்து எடுக்க முடியுமாம்.”

தன்னைக் கைது செய்வார்களா, இழப்பீட்டைத் தான் கட்ட வேண்டுமா, அந்தத் தளத்தின் மீது நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறார். அண்ணனின் நண்பர் கொடுத்த இரண்டு யோசனைகளைப் பற்றியும் கருத்துக் கேட்டிருக்கிறார். கடைசிப் பக்கத்தில் வேறொரு சங்கதி: இதே தளத்தில் பழைய கட்டிலை விற்கப் போன கணவர், க்யூஆர் கோடு ஒன்றை ஸ்கேன் செய்து 9,800 ரூபாய் இழந்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்களைத் தூங்கவிடாத கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த விபத்துக்காக உங்களைக் கைது செய்ய முகாந்திரம் இல்லை. கவனக்குறைவாக ஓட்டிக் காயப்படுத்திய குற்றம் ஓட்டியவரைத்தான் சேரும். வண்டி யார் பெயரில் இருக்கிறது என்பதை வைத்து அந்தக் குற்றம் இடம் மாறாது. ஓட்டியவர் 18 வயது நிரம்பாதவராக இருந்திருந்தால் பேச்சே வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 199ஏ பிரிவு வண்டி உரிமையாளரையும் நேராகப் பிடிக்கிறது. தனக்குத் தெரியாமல் நடந்தது என்று உரிமையாளர்தான் நிரூபிக்க வேண்டும். பையனுக்கு 19 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மட்டில் நல்லது.

வேறு மாவட்டக் காவல் நிலையத்துக்குப் போவது பற்றி. சாட்சியாக விசாரிக்க ஒரு பெண்ணை அவர் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 179-ஆவது பிரிவு சொல்கிறது. அதற்காக, போனை எடுக்காமல் இருந்துவிடாதீர்கள். ஓட்டியவர் பற்றித் தெரிந்ததைக் காவல்துறை கேட்டால் சொல்லும் கடமை மோட்டார் வாகனச் சட்டத்தின் 133-ஆவது பிரிவின்படி வண்டி உரிமையாளருக்கு இருக்கிறது. பதிவேட்டில் அந்த உரிமையாளர் இன்றைக்கும் நீங்கள்தான். விற்ற தேதி, வாங்கியவரின் பெயர், அவருடைய போன் எண், பணம் வந்த யுபிஐ விவரம் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, ஸ்பீடு போஸ்டில் அந்தக் காவல் நிலையத்துக்கு அனுப்புங்கள். ரசீதையும் போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். போனில் எவ்வளவு விளக்கினாலும் கோப்பில் ஏறாது.

விற்பனை எப்போது முடிகிறது?

உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் “நான்தான் விற்றுவிட்டேனே” என்று வருகிறது. பணம் வாங்கி, சாவியைக் கொடுத்ததும் உங்களுக்கும் அந்த இளைஞருக்கும் இடையில் விற்பனை முடிந்துவிட்டது, உண்மைதான். ரோட்டில் அடிபட்ட மூன்றாவது மனிதருக்கு அது பொருந்தாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவு, வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்கிறது. வண்டியை அனுபவிப்பவர் யார் என்று அது கேட்பதில்லை. தவணைக் கடன், வாடகை ஒப்பந்தம் போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு.

இதே நிலைமை உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்பது வழக்கு. 2007-இல் ஒருவர் காரை விற்றார். அது அடுத்தவருக்கு, அதற்கடுத்தவருக்கு என்று கைமாறிக்கொண்டே போனது. ஆர்.சி.யில் மட்டும் முதல் ஆளின் பெயரே நின்றது. 2009-இல் விபத்து, ஓர் உயிர் போனது. இழப்பீட்டுக்கு யார் பொறுப்பு என்பதில் 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: பதிவேட்டில் இருப்பவரே பொறுப்பு. அடிபட்டவரோ அவர் குடும்பமோ, பதிவாகாத விற்பனைகளின் வரிசையைத் துருவிக்கொண்டு அலைய வேண்டியதில்லை என்பது நீதிமன்றம் சொன்ன காரணம். விற்றவருக்கு இது அநியாயமாகப் படும். சைக்கிளில் போன அந்தப் பெரியவரின் மகளாக உங்களை வைத்துப் பாருங்கள், காரணம் புரியும்.

கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 29-ஐக் கொடுத்துவிட்டதால் உங்கள் பொறுப்பு முடிந்தது என்று நினைத்திருக்கிறீர்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செய்யும் தவறு இது. என் சொந்த மைத்துனரே செய்திருக்கிறார், வக்கீலை வீட்டில் வைத்துக்கொண்டு! ஃபார்ம் 29 என்பது ‘நான் விற்றுவிட்டேன்’ என்று விற்றவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொடுக்கும் தகவல். வாங்குகிறவருக்குக் கொடுக்கும் ரசீது என்று அதை நினைத்துக்கொள்கிறோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவின்படி, அதே மாநிலத்துக்குள் என்றால் விற்ற 14 நாளுக்குள், வேறு மாநிலம் என்றால் 45 நாளுக்குள் இதை நீங்கள் தெரிவித்திருக்க வேண்டும். வண்டியைத் தன் பேருக்கு மாற்ற வாங்கியவருக்கு 30 நாள். அவர் தன் வேலையைச் செய்கிறாரோ இல்லையோ, உங்கள் வேலையை நீங்கள் தனியாகவே செய்யலாம். நிரப்பாத ஃபார்ம் புரோக்கருக்கு எதற்கு உதவுகிறது தெரியுமா? கடைசியாக யாராவது வாங்கும்போது அவர் பெயரை நேராக எழுதிக்கொள்ள. நடுவில் தன் பெயர் எங்கும் வராது, ஒரு தடவைக் கட்டணமும் மிச்சம்.

நீங்களே கவனிக்காத ஒரு வரி

“இன்சூரன்ஸ் முதல் வருஷம் ஷோரூமில் போட்டதோடு சரி, அப்புறம் புதுப்பிக்கவில்லை” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். வண்டிக்கு இன்சூரன்ஸே இல்லை என்ற முடிவுக்கு வந்து, பி.எஃப். பணத்தை எடுக்கலாமா என்றுகூட யோசித்திருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அலமாரியில் இருக்கும் அந்தப் பழைய பாலிசியை எடுங்கள்.

2018 செப்டம்பர் 1 முதல் புதிதாக விற்கும் இருசக்கர வாகனம் எல்லாவற்றுக்கும் ஐந்து வருடத் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் (வண்டியால் அடிபடும் மற்றவருக்கான காப்பு) கட்டாயம். காருக்கு மூன்று வருடம். கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு சிகிச்சை மருத்துவர் எஸ்.ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகப் போட்ட பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு அது. (விபத்தில் நொறுங்கி வருகிறவர்களுக்கு எலும்பு பொருத்திப் பொருத்தி அலுத்த ஒருவர் நீதிமன்றத்துக்குப் போனதன் பலன், இன்று உங்கள் அலமாரிக்குள் இருக்கிறது.) நீங்கள் வண்டி எடுத்தது 2020 டிசம்பரில். அப்படியென்றால் பாலிசியில் இரண்டு தனித்தனிக் காலங்கள் அச்சாகியிருக்கும். வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு ஒரு வருடம். அது 2021 டிசம்பரில் முடிந்திருக்கும். தேர்ட் பார்ட்டிக்கு ஐந்து வருடம். அது 2025 டிசம்பர் வரை. பெரும்பாலோர் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள்.

விபத்து நடந்தது நவம்பர் 8. பாலிசியில் தேதி நான் சொன்னபடி இருந்தால், பெரியவருக்கு மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் நிர்ணயிக்கும் இழப்பீட்டை இன்சூரன்ஸ் நிறுவனம் கட்ட வேண்டும். பெயர் மாறவில்லை என்று சொல்லி அவர்கள் கழன்றுகொள்ள முடியாது. வண்டியை விற்றாலும் தேர்ட் பார்ட்டி காப்பு வண்டியோடேயே போவதாக மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-ஆவது பிரிவு வைத்திருக்கிறது. ஆர்.சி.யும் பாலிசியும் உங்கள் பெயரிலேயே இருப்பது, இந்த ஒரு விஷயத்தில் உங்களுக்குச் சாதகம்.

ஒரே ஒரு ஓட்டை இருக்கிறது. அந்தப் பையனிடம் லைசென்ஸ் இருக்கிறதா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. லைசென்ஸ் இல்லையென்றால், அடிபட்டவருக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தீர்ப்பாயம் சொல்ல இடம் உண்டு. அப்போது அவர்கள் தேடி வருவது உங்களைத்தான். அப்படி வந்தால், நீங்கள் கட்டியதை வாங்கியவரிடமிருந்து வசூலிக்கச் சிவில் வழக்குப் போடலாம். அந்தப் புரோக்கரிடம் அப்போது என்ன இருக்கும் என்பது வேறு கேள்வி. எனவே பாலிசி நகலோடு, விபத்து நடந்ததை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு இந்த வாரமே எழுத்தில் தெரிவியுங்கள். தீர்ப்பாயத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் வாங்க மறுக்காதீர்கள். வக்கீல் வைத்து எதிர்வாதம் தாக்கல் செய்யுங்கள். ஆஜராகாமல் விட்டால் உங்கள் தரப்பைக் கேட்காமலேயே தீர்ப்பு வந்துவிடும். செலவு யோசனையாக இருந்தால், பெண் என்பதாலேயே, வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். தொலைபேசி எண் 15100.

இன்னொன்று. அந்த ஐந்து வருடம் முடிந்த நாளிலிருந்து வண்டிக்கு எந்தக் காப்பும் இல்லை. புதிதாக யாரும் பாலிசி எடுத்திருப்பார்கள் என்று நம்பி இருக்காதீர்கள். அடுத்து நான் சொல்லப் போவதைத் தள்ளிப் போடக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

வண்டியை எடுக்கக் கூப்பிடுகிறார்களே?

பையன் வீட்டார் கூப்பிடுவது உங்களுக்குத் தொல்லையாக இருக்கிறது. எனக்கு அது நல்ல செய்தியாகப் படுகிறது. எட்டு மாதமாக யாருக்கும் உங்கள் கையெழுத்து தேவைப்படவில்லை. இப்போது தேவைப்படுகிறது, ஏனென்றால் பிடித்து வைத்த வண்டியை நீதிமன்றம் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரிடம்தான் சாதாரணமாக ஒப்படைக்கும்.

அதற்காக உடனே ஓடிப் போய்க் கையெழுத்துப் போட வேண்டாம். வண்டியைக் கேட்டுத் தாக்கல் செய்யும் மனுவில் ‘மனுதாரரே வாகனத்தின் உரிமையாளர், வாகனம் மனுதாரரின் பயன்பாட்டில் உள்ளது’ என்று டைப் அடித்து வைத்திருப்பார்கள். வழக்கமான வாசகம், யாரும் படிப்பதில்லை. நீங்கள் அதில் கையெழுத்திட்டால், மார்ச்சில் விற்றுவிட்டேன் என்று நீங்களே இன்னொரு பக்கம் சொல்வதற்கு அது நேர் எதிராக நிற்கும். வண்டியைக் கேட்டபோது ஆஜர்படுத்துவேன் என்ற பிணைப்பத்திரமும் உங்கள் தலையில் விழும். வண்டி மறுபடியும் அந்தப் பையனிடம் போகும், பத்திரம் உங்களிடம் இருக்கும்.

நான் செய்யச் சொல்வது இது. பையன் வீட்டாரிடம் கோபப்படாமல் சொல்லுங்கள்: “நான் வருகிறேன். ஆனால் முதலில் உங்கள் பெயருக்கு மாற்ற ஃபார்ம் 30-இல் கையெழுத்துப் போட்டு விண்ணப்பியுங்கள். நீதிமன்றத்தில் நான் விற்ற விவரத்தையும் சேர்த்தே சொல்வேன்.” வழக்கில் சிக்கிய வண்டிக்குப் பெயர் மாற்றம் உடனே நடக்காமல் இழுக்கலாம், நிலுவைச் செலான் இருந்தாலும் விண்ணப்பம் நகராது. ஆனால் நீங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தகவல் கொடுப்பதை இது எதுவும் தடுக்காது. அதைத் திங்கட்கிழமையே செய்யுங்கள். விற்ற தேதியைக் குறிப்பிட்டு ஃபார்ம் 29, கூடவே நடந்ததைச் சொல்லும் ஒரு கடிதம், யுபிஐயில் பணம் வந்ததைக் காட்டும் வங்கிக் கணக்கு விவரம். 14 நாள் தாண்டிவிட்டது என்பதற்காகத் தாமதத் தொகை கேட்டால் கட்டிவிடுங்கள். ஒரு நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். கவுண்டரில் “பெயர் மாத்துறவர் வரணும்மா” என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். நீங்கள் பெயர் மாற்றம் கேட்கவில்லை, விற்ற தகவலை மட்டும் கொடுக்க வந்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். அப்போதும் வாங்கவில்லையா, அதே தாள்களை ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். நவம்பர் விபத்துக்கு இது பின்னோக்கிப் போய் உதவாது. இனி நடப்பவற்றுக்கு, ‘தெரிந்ததும் தெரிவித்துவிட்டேன்’ என்று சொல்ல உங்களிடம் முத்திரை போட்ட ஒரு தாள் இருக்கும்.

நான்கு செலான்கள் பற்றி: இ-செலான் இணையதளத்தில் ஆட்சேபம் தெரிவிக்க வழி இருக்கிறது. படத்தில் ஓட்டுபவர் முகம் தெரிகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆட்சேபம் போடுங்கள். அது நிராகரிக்கப்பட்டு, பெயர் மாற்றத்துக்கு அதுவே முட்டுக்கட்டையாக நின்றால், என் யோசனை, சில ஆயிரம் போனால் போகிறது என்று கட்டிவிட்டு வேலையை முடிப்பதுதான். கொள்கைக்காகச் சண்டை போடும் இடம் இது இல்லை.

அண்ணனின் நண்பர் சொன்ன இரண்டு யோசனைகள்

ஒன்று, வண்டி மார்ச்சிலேயே திருடு போய்விட்டது என்று புகார் கொடுத்துவிடலாம் என்பது. தயவுசெய்து வேண்டாம். 39,000 ரூபாய் உங்கள் கணக்கில் வந்திருக்கிறது. திருடன் யுபிஐயில் பணம் அனுப்ப மாட்டான் என்பது போலீஸுக்குத் தெரியும். அரசு ஊழியரிடம் பொய்த் தகவல் கொடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் (புதிய தண்டனைச் சட்டம்) 217-ஆவது பிரிவில் குற்றம். ஒரு வருடம் வரை சிறை உண்டு. ஒருவர் மீது பொய்யாகக் குற்றம் சுமத்தினால் அதற்கு 248-ஆவது பிரிவு தனி. இப்போது உங்கள் மீது குற்ற வழக்கே இல்லை. நீங்களாகப் போய் ஒன்றை உண்டாக்கிக்கொள்ள வேண்டாம்.

மற்றொன்று, மார்ச் தேதி போட்டு இப்போது ஒரு விற்பனை ஒப்பந்தம் எழுதிக்கொள்வது. விற்றது உண்மைதானே, தாளை மட்டும் இப்போது எழுதினால் என்ன என்று உங்களுக்குத் தோன்றுகிறது. முத்திரைத்தாளுக்கு எண் உண்டு, விற்பனையாளர் எழுதிய தேதி உண்டு. நவம்பரில் வாங்கிய தாளில் மார்ச் மாதக் கையெழுத்து என்றால், குறுக்கு விசாரணையில் ஐந்து நிமிடம் நிற்காது. அதன்பிறகு உங்களுடைய உண்மையான வங்கிக் கணக்கு விவரத்தைக்கூட நீதிபதி சந்தேகமாகத்தான் பார்ப்பார். எழுதத்தான் வேண்டுமென்றால் இன்றைய தேதியிலேயே எழுதுங்கள்: ‘மார்ச் மாதம் இன்ன தேதியில் வாகனத்தைப் பெற்றுக்கொண்டேன்’ என்று அந்தப் புரோக்கர் இன்றைக்குக் கையெழுத்துப் போடலாம். அதில் எந்தத் தவறும் இல்லை. போடுவாரா என்பதுதான் சந்தேகம்.

தளத்தின் மீது வழக்குப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. விளம்பரத்தைக் காட்டும் இடைத்தரகராக மட்டும் இருக்கும் தளத்துக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆவது பிரிவு பாதுகாப்புக் கொடுக்கிறது. நுகர்வோர் சட்டத்திலும் உங்கள் கேஸ் உட்காராது. இந்தப் பரிமாற்றத்தில் நீங்கள் விற்றவர். தளம் பெயர் மாற்றித் தருவதாகச் சொல்லிக் கட்டணம் எதுவும் வாங்கியிருந்தால் அது வேறு. ஆனாலும் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுவது வீண் போகாது. 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி 24 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லி, குறித்த கெடுவுக்குள் தீர்வு தர வேண்டும். உங்கள் விளம்பரம், அந்த இளைஞரின் கணக்கு, தளத்திலேயே நடந்த உரையாடல் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருக்கும்படி கேளுங்கள். காவல்துறை கேட்கும்போது அது இருக்க வேண்டும்.

உங்கள் கணவரின் 9,800 ரூபாய்

கட்டிலை வாங்குகிறேன் என்றவர், ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி அடையாள அட்டைப் படம் அனுப்பியிருக்கிறார். முதலில் 2 ரூபாய் அனுப்பி நம்பிக்கை வரவைத்திருக்கிறார். பிறகு ‘பணம் வாங்க’ க்யூஆர் கோடு. உங்கள் கணவர் ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டதும் 9,800 போய்விட்டது. இது ஊரறிந்த மோசடி. யுபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. பின் கேட்கிறது என்றால் உங்கள் பணம் வெளியே போகப் போகிறது.

மூன்று நாளுக்குள் சொன்னால் வங்கி முழுவதையும் தர வேண்டும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார்கள். அது வாடிக்கையாளருக்குத் தெரியாமல் நடந்த பரிமாற்றத்துக்கு. ஏமாந்துதான் என்றாலும், பின்னைப் போட்டது உங்கள் கணவர். அந்த விதியைக் காட்டிக் கேட்பது கடினம். 1930 எண்ணுக்கோ, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ உடனே சொல்லியிருந்தால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே முடக்கி வைக்க வாய்ப்பு இருந்தது. மூன்று வாரம் ஆகிவிட்டது. பணம் அங்கேயே இருக்கும் என்று நான் நம்பவில்லை. இருந்தாலும் புகாரைப் பதியுங்கள். அதே எண்ணை வைத்து அந்த ஆள் நாளைக்கு வேறொருவரின் பீரோவை ‘வாங்குவார்’.

இனி எதையாவது விற்பதானால்

கணவரின் பைக்கையும் விற்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மட்டும் சில வார்த்தைகள். வாங்குகிறவர் பெயர் மாறும் வரை பணத்தைப் பிடித்து வைப்பது வழக்கமாகிவிட்டது. பெயர் மாறாவிட்டால் மாட்டுவது விற்றவர். ஆகவே பிடித்து வைக்க வேண்டியவரும் விற்றவர்தான். பேசிய விலைக்கு மேல் ஒரு 5,000 ரூபாயை டெபாசிட்டாக வாங்கி, புதிய ஆர்.சி.யைக் காட்டியதும் திருப்பிக் கொடுங்கள். நான் சொல்லிக் கேட்ட கட்சிக்காரர்கள் யாருக்கும் பெயர் மாற்றம் ஒரு மாதத்துக்கு மேல் இழுத்ததில்லை.

ஃபார்ம்களை முழுக்க நிரப்பி, வாங்குகிறவர் எதிரிலேயே கையெழுத்திடுங்கள். முடிந்தால் இருவரும் சேர்ந்தே விண்ணப்பியுங்கள். வண்டியை ஒப்படைத்ததாக இருவரும் எழுதிக்கொள்ளும் டெலிவரி நோட்டில் தேதியோடு மணியும் நிமிடமும் எழுதுங்கள்; காலை 11 மணிக்குக் கொடுத்த வண்டி பிற்பகல் 2 மணிக்கு எதையாவது மோதினால், அந்த நிமிடம்தான் பேசும். வண்டியின் அருகில் அவரை நிறுத்தி, நம்பர் பிளேட்டும் கிலோமீட்டரும் தெரிய ஒரு படம் எடுங்கள். மறுப்பவருக்கு விற்காதீர்கள். உங்கள் ஆதார் நகலின் குறுக்கே ‘இன்ன எண் வாகனப் பெயர் மாற்றத்துக்கு மட்டும்’ என்று பேனாவால் எழுதிக் கொடுங்கள். வண்டி மீது கடன் இருந்திருந்தால், கடன் முடிந்ததை ஆர்.சி.யிலிருந்து நீக்கிவிட்டு விளம்பரம் போடுங்கள்.

வந்தவர் புரோக்கர் என்று தெரிந்தால், பதிவு பெற்ற டீலரா என்று கேளுங்கள். 2023 ஏப்ரல் முதல், ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்ற பழைய வாகன டீலரிடம் வண்டியை ஒப்படைத்து ஃபார்ம் 29சி மூலம் தெரிவித்துவிட்டால், அன்றிலிருந்து அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். அங்கீகாரம் இல்லாத புரோக்கருக்கு இது பொருந்தாது. விலை ஆயிரம் இரண்டாயிரம் குறைந்தாலும் முதல் வகைக்கே கொடுங்கள்.

கடைசியாக, அந்த 3,000 ரூபாய். “பணம் போனால் போகட்டும், அந்த ஆள் முகத்திலேயே விழிக்க வேண்டாம் என்று பிளாக் செய்துவிட்டேன், சாட்டையும் அழித்துவிடப் போகிறேன்” என்று முடித்திருக்கிறீர்கள். பிளாக்கை எடுங்கள். சாட்டைத் தொடாதீர்கள். அந்தப் போனை மாற்றவும் வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, எலெக்ட்ரானிக் ஆவணத்துக்கு பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆவது பிரிவுச் சான்றிதழ் கொடுக்க வேண்டிவரும். “பேரு மாத்தினதும் தரேன்கா” என்ற அந்த ஒரு வரியில் மார்ச் மாதத் தேதி இருக்கிறது, வண்டி அவர் கைக்குப் போனது இருக்கிறது, பெயர் மாற்றுவது தன் வேலை என்று அவரே ஒப்புக்கொண்டதும் இருக்கிறது. நீங்கள் எழுதி வாங்காத டெலிவரி நோட்டை அவர் உங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். மீதிப் பணத்தை அவர் அனுப்பாமல் இருப்பதே இப்போதைக்கு உங்களுக்கு நல்லது.